பொட்டு வைத்த கார்டு

ஆயுத பூஜையன்று எங்கள் மந்தைவெளி வீட்டில் பொட்டு வாங்காமல் தப்பிக்கிற பொருள் ஒன்றும் கிடையாது. மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி, ஸ்கூட்டர், இன்வெர்ட்டர், சுவரில் தொங்குகிற இன்டர்நெட் டப்பா என்று என் வீட்டுக்காரர் சந்தனக் கிண்ணமும் கையுமாக ஒரு சுற்று வருவார். பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனத்தைக் கட்டைவிரலால் அழுத்தி அப்பி, நடுவில் குங்குமத்தை வைப்பார். மனிதருக்கு அந்த அழுத்துவதில்தான் பக்தியே இருக்கிறது.

போன வருடம் என் கேமராவின் லென்ஸில் வைத்தார். நெற்றி என்று நினைத்தாராம். நான் தீபாவளி வரைக்கும் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதனால் இந்த வருடம் ஜாக்கிரதையாக இருந்திருக்கிறார். அந்த ஜாக்கிரதைதான் குடியைக் கெடுத்தது.

அன்று நான் பேட்டரியைக் கழற்றி சார்ஜில் போட்டிருந்தேன். கேமராவின் அடி மூடி திறந்து கிடந்தது. உள்ளே மெமரி கார்டின் நுனி மட்டும் கொஞ்சம் தெரியும். கண்ணில் படுகிற இடத்தில் வைத்தால்தானே இவள் ஆடுவாள், கண்ணில் படாத இடத்தில் வைப்போம் என்று அந்த நுனியில் சந்தனத்தை வைத்து ஒரு அழுத்து அழுத்தியிருக்கிறார். அந்தக் கார்டு ஒரு தரம் அழுத்தினால் உள்ளே போய் நிற்கும், இன்னொரு தரம் அழுத்தினால் எழும்பி வரும். பாதி எழும்பி வந்தது. இவர் பதறிப்போய் மூடியைச் சாத்த, அது சாத்த மாட்டேன் என்று முரண்டு பிடிக்க, இன்னும் பலமாகச் சாத்தி, மேலே ஒரு செவ்வந்திப் பூவையும் வைத்துவிட்டு ஸ்கூட்டரைக் கவனிக்கப் போய்விட்டார். கார்டு கோணலாகச் சிக்கிக்கொண்டது. ஈரச் சந்தனம் அதைச் சுற்றி இறங்கி, காய்ந்து, கெட்டித்துப்போனது.

இவ்வளவும் நான் பிறகு குறுக்கு விசாரணை செய்து தெரிந்துகொண்டவை. பூஜையன்று எனக்கு ஒன்றும் தெரியாது. பூவை எடுத்துவிட்டு, பேட்டரியைத் தனியாகவும் கேமராவைத் தனியாகவும் பீரோவில் பத்திரமாக வைத்துப் பூட்டினேன். அந்தக் கார்டுக்குள் என் அக்காவின் குரல் இருந்தது.

அக்காவும் அத்தானும் தி.நகரில் பாத்திரக் கடை வைத்திருக்கிறார்கள். வீடு அடையாறில். கடையை நடத்துவது அத்தான் என்றுதான் பலகையில் இருக்கும். நடத்தியது அக்காவின் தொண்டை. கல்லாவில் உட்கார்ந்தபடியே மாடி கிட்டங்கியில் இருக்கிறவனிடம் எந்த அண்டாவை இறக்க வேண்டும் என்று சொல்லுவாள். வாசலில் நின்று தயங்குகிறவர்களைக் கூப்பிட்டு உள்ளே உட்காரவைப்பாள். ஊரை விட்டு வந்து இத்தனை காலமாகியும் அவள் பேச்சில் தென்காசிப் பக்கத்து இழுப்பு போகவில்லை. அந்த இழுப்பைக் கேட்பதற்காகவே வருகிற ஊர்க்காரர்கள் உண்டு.

அந்தத் தொண்டையில்தான் வந்தது. முதலில் கரகரப்பு, அப்புறம் ஸ்கேன், அப்புறம் குரல்வளையையே எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை போடுவார்கள், அதன் வழியாகத்தான் இனி மூச்சு. பின்னால் வேறு வழிகளில் பேசப் பழக்கலாம் என்றும் டாக்டர் சொன்னார். அது பேச்சாக இருக்கும், இவள் குரலாக இருக்காது என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் அக்கா என்னைக் கேமராவோடு வரச் சொன்னாள். ஏரி ஏரியாகப் போய் நாரை படம் பிடிக்கிற கேமரா அது. போனிலேயே எடுத்துவிடலாமே என்றேன்.

"போன்ல எடுத்தா அடுத்த நிமிசம் குடும்ப குரூப்புல போயிரும். ஒவ்வொருத்தியும் அழுவுத பொம்மையா போடுவாளுவ. எனக்கு வேண்டாம். நீ இத யாருக்கும் காட்டக்கூடாது, காப்பி எடுக்கக்கூடாது, நீயும் பாக்கக்கூடாது. நான் எப்பக் கேக்கனோ அப்பக் கொண்டு வா."

சத்தியம் வாங்கிக்கொண்டாள். கவிழ்த்த இட்லிக் கொப்பரையின் மேல் கேமராவை நிறுத்தி, எந்தப் பொத்தானை அமுக்க வேண்டும், சிவப்புப் புள்ளி எங்கே தெரியும் என்று காட்டிக்கொடுத்தேன். என்னையும் வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள். வெகுநேரம் கழித்து வந்து, "முடிஞ்சுது ட்டி" என்றாள். அவள் ஏதாவது பாடியிருப்பாள், இல்லையென்றால் எல்லோரிடமும் விடைபெறுகிற மாதிரி ஏதாவது பேசியிருப்பாள் என்று நான் நினைத்துக்கொண்டேன். நினைக்கும்போதெல்லாம் அழுகை வந்தது.

வேறு எங்கும் அவள் குரல் இல்லையா என்று கேட்பீர்கள். எல்லோரும் கேட்டார்கள். கல்யாண வீடியோவில் மேளச் சத்தம்தான் இருக்கிறது. வாய்ஸ் மெசேஜ் அனுப்புகிற பழக்கமெல்லாம் அவளுக்குக் கிடையாது, பேச வேண்டுமென்றால் கூப்பிட்டுப் பேசுவாள். இவ்வளவு பேசினவளின் பேச்சை ஒருத்தரும் பிடித்து வைக்கவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. உடம்பு தேறியது. தேறாதது சுற்றியிருந்தவர்களின் புத்தி. குரல் போனவளுக்குக் காதும் போய்விட்டதாக ஒரு கூட்டம் முடிவு செய்துகொண்டு அவள் முகத்துக்கு நேரே வந்து கத்தியது. இன்னொரு கூட்டம் அவளிடம் பேசுவதையே விட்டுவிட்டது. "அக்காவுக்கு டீயா காபியா?" "அவங்களுக்கு வலி இருக்கா?" "ராத்திரி தூங்குறாங்களா?" எல்லாம் என்னிடம். அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். குழந்தைகள் எழுதி அழிக்கிற பலகை ஒன்றை வாங்கிக்கொடுத்திருந்தோம். அவள் எழுதி முடிப்பதற்குள் கேட்டவர் அடுத்த பேச்சுக்குப் போயிருப்பார். எனக்கு உடம்பெல்லாம் எரியும். "அவளுக்கு வலி இல்லை, நல்லாத் தூங்குறா, உங்களை மாதிரி ஆட்கள் வந்தாத்தான் தலை வலிக்குது" என்று வெடுக்கென்று சொல்லி அனுப்புவேன். அப்படிச் சொன்ன ஒவ்வொரு தடவையும் அக்காவுக்காக ஒரு சண்டை ஜெயித்த திருப்தி எனக்கு.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் பலகையில் எழுதிக் காட்டினாள். 'என் குரல் எனக்கே மறந்துட்டு வருது. கொண்டு வா.'

வீட்டுக்கு ஓடினேன். பேட்டரியைப் போட மூடியைத் திறக்கப் பார்த்தால் வரவில்லை. நகத்தைக் கொடுத்து நெம்பினால் குங்குமப் பொடி உதிர்கிறது. உள்ளே மஞ்சளும் சிவப்புமாகப் பாறை. அந்தப் பாறைக்கு நடுவே கார்டின் நுனி சாய்ந்து நிற்கிறது. அழுத்தினால் போகவில்லை, இழுத்தால் வரவில்லை. கேமராவை உயிர்ப்பித்தால் கார்டே இல்லை என்று சொல்லியது. ஒயர் போட்டுக் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தேன். அதுவும் கையை விரித்தது.

"லென்ஸ்ல வைக்கலல்லா?" என்றார் என் வீட்டுக்காரர்.

அதற்கு நான் என்ன சொன்னேன் என்பது எங்கள் மாடி வீட்டுக்காரர்களுக்குத் தெரியும். அச்சில் போடுகிற மாதிரி இருக்காது. முழுதும் கேட்டுவிட்டு, "மதினிகிட்ட நான் வந்து மன்னிப்பு கேக்கேன்" என்றார். மன்னிப்பு வந்து கார்டை வெளியே எடுக்குமா? போகிறபோது, "சாமிக்குச் செஞ்சதுதான" என்று வேறு முணுமுணுத்தார். எந்தச் சாமி மெமரி கார்டில் பொட்டு கேட்டது என்று இன்றுவரை அவரால் சொல்ல முடியவில்லை.

அக்காவிடம் மறைக்க முடியாது. சொன்னேன். அவள் கேமராவை வாங்கி, திருப்பிப் பார்த்து, சந்தனத்தை முகர்ந்து பார்த்தாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று நான் பதறினேன். சிரிக்கிறாள். சத்தமில்லாத சிரிப்பு. கழுத்துத் துளையை மறைத்துக் கட்டியிருந்த துணி மட்டும் மேலும் கீழும் அசைந்தது. பிறகு ரிப்பேர் கடைக்குத் தானும் வருவதாக எழுதினாள்.

தி.நகரில் அவர்கள் கடைக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு கேமரா ரிப்பேர் கடை. முன்னால் உட்கார்ந்திருந்தவர் பார்த்ததும், "என்ன மேடம், கேமராவுக்குக் கல்யாணம் பண்ணி வச்சீங்களா?" என்றார். நான் சிரிக்கவில்லை.

"கார்டுதானே, போனாப் போகுது. புதுசு மாட்டித் தரேன். இதைவிடப் பெருசா, ஸ்பீடா."

"கார்டு வேண்டாம். அதுக்குள்ள இருக்கறது வேணும்."

"ஃபங்ஷன் போட்டோவா?"

"எங்க அக்காவோட குரல்."

"குரலா? அதான் அக்காவே வந்திருக்காங்களே. இன்னொரு தடவை பேசச் சொல்லி எடுத்துக்கோங்க." சொல்லிவிட்டு அக்காவின் கழுத்துத் துணியைப் பார்த்தார். பார்த்தவர் அவளிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா? என் பக்கம் குனிந்து, "ஐயோ, எப்பலேர்ந்து இப்படி?" என்று ரகசியக் குரலில் கேட்டார். அவளுக்குக் கேட்காத குரலாம். கேட்டுக்கொண்டே பிளையரை எடுத்து, கார்டின் நுனியைக் கவ்வப் போனார். கேமராவை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டேன். பல்லைப் பிடுங்குகிற மாதிரி இழுத்தால் கார்டு உடைந்து பாதி கையோடு வரும். உடைந்தால் அத்தோடு முடிந்தது.

அடுத்து ஈக்காட்டுத்தாங்கலில் கம்பெனி சர்வீஸ் சென்டர். அங்கே குளிர்சாதனம், டோக்கன், இனிக்க இனிக்கப் பேசுகிற ஒரு பெண். கார்டு செருகும் பாகத்தையே மொத்தமாகக் கழற்றிப் புதிது போடுவார்களாம். பழைய பாகம், அதில் சிக்கியிருக்கிற கார்டு இரண்டும் திரும்பக் கிடைக்காதாம்.

"டேட்டாவுக்கு நாங்க பொறுப்பு எடுக்க மாட்டோம் மேடம். பேக்கப் எடுத்து வச்சிருக்கணும்."

"குரலுக்கு எங்கம்மா பேக்கப்?" என்று நான் எகிறினேன். மற்றவர்கள் டோக்கனை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இன்னும் பேசினேன். புது மாடல், பழைய மாடல், கேமரா, போன் எதையும் திட்டாமல் விடவில்லை. அந்தப் பெண் மெல்ல, "மேடம், அவங்களைக் கொஞ்சம் உக்காரச் சொல்லுங்க, டயர்டா தெரியறாங்க" என்றாள். அவங்களை நான் உக்காரச் சொல்லணுமாம். அவங்க உனக்கு நேர் எதிரில் நிற்கிறார்கள், நீயே சொல்லேன் என்று அதற்கும் சேர்த்துக் கத்தினேன். அக்கா மேஜையை விரலால் தட்டினாள். பலகையைத் தூக்கிக் காட்டினாள். 'கேமராவைக் குடுங்க. போவோம்.'

திரும்பும்போது ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார். சைதாப்பேட்டை தாண்டியதும் பொறுக்க முடியவில்லை அவருக்கு.

"இன்னாம்மா, அவங்களுக்குப் பேச்சு வராதா? பொறந்ததுலேர்ந்தே அப்டியா?"

"ரோட்டைப் பார்த்து ஓட்டுங்க" என்றேன். எரிச்சலில் கண்ணீர் வந்துவிட்டது. ஒரு நகம் அகலப் பிளாஸ்டிக் துண்டு. அது எங்கள் கையிலேயே இருக்கிறது, உள்ளே அவள் குரல் இருக்கிறது, எடுக்கத்தான் நாதியில்லை. இவ்வளவு பெரிய ஊரில் ஒருத்தருக்கும் இது ஒரு விஷயமாகவே படவில்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அடையாறு வீட்டுக்கு வந்ததும் அக்கா என்னைக் கவனிக்கவே இல்லை. சாப்பாட்டு மேஜை விளக்கைப் போட்டாள். தன் மருந்துத் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். அந்தத் தட்டை நான் தினமும் பார்த்திருக்கிறேன். கழுத்துத் துளையைச் சுற்றிச் சளி காய்ந்து ஓடு கட்டிவிடும். அதைப் பிய்த்தால் ரத்தம் வரும். நனைத்து, ஊறவிட்டு, ஓரத்திலிருந்து மெல்லக் கிளப்பி எடுக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் பழக்கிவிட்டிருந்தார்கள். காலையும் மாலையும் கண்ணாடி முன்னால் நின்று, முனை மழுங்கிய ஒரு சின்ன இடுக்கியால் அவளே செய்துகொள்வாள். வேறு யாரையும் தொட விடமாட்டாள்.

அந்த இடுக்கியைத்தான் எடுத்தாள். கேமராவைக் குப்புறக் கவிழ்த்துத் துண்டின்மேல் வைத்தாள். ஊசி போடுமுன் துடைக்கிற ஸ்பிரிட் பஞ்சு ஒன்றைப் பிரித்து, சந்தனத்தின்மேல் ஒற்றினாள். தேய்க்கவில்லை. ஒற்றிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"தண்ணி உள்ள போயிரப் போவுது அக்கா. டிரையர் போடுவோமா? நான் வேணா..."

ஒரு விரலைத் தூக்கினாள். சும்மா இரு என்று அர்த்தம். சந்தனம் கறுத்து இளகியது. இடுக்கியால் ஓரத்தைத் தொட்டாள், ஒரு செதில் வந்தது. மறுபடி பஞ்சு, மறுபடி காத்திருத்தல். மழை நின்று, தெருவில் ஆள் நடமாட்டம் தொடங்கிவிட்டது. எனக்கானால் ஒரே இழுப்பில் இழுத்துவிட வேண்டும் என்று கை துறுதுறுத்தது. அவளுக்கு அந்த அவசரம் ஒன்றும் இல்லை. தன் கழுத்தில் செய்கிற அதே நிதானத்தோடு செய்தாள். கார்டின் நான்கு பக்கமும் சுத்தமானதும், துணி கட்டுவதற்கு வைத்திருக்கும் வெள்ளைப் பிளாஸ்திரியில் ஒரு துண்டு கிழித்து, கார்டின் நுனியில் இரண்டு பக்கமும் ஒட்டிக் கைப்பிடி மாதிரி ஆக்கினாள். நேராக நிமிர்த்தி, லேசாக அசைத்து, இழுத்தாள். வந்துவிட்டது.

நான் கத்தியே விட்டேன். அவள் கார்டைத் துடைத்து, விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நன்றாகக் காயும்வரை வைத்திருந்து, பிறகுதான் என் கையில் கொடுத்தாள். கம்ப்யூட்டரில் செருகினேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அது திறந்தது. நாரைகளுக்குக் கீழே வரிசையாகச் சின்னச் சின்ன வீடியோக்கள். அவள் முகம்.

பாட்டு இல்லை. விடைபெறுவதும் இல்லை. முதல் வீடியோவில் அக்கா கேமராவை முறைத்துப் பார்த்து, "மேல யாரு? அந்தப் பெரிய அண்டாவ இறக்கு. உருட்டாத, தூக்கி இறக்கு" என்றாள். கரகரப்பு இருந்தது. ஆனாலும் அதே குரல், அதே இழுப்பு. உள்ளறையிலிருந்து அத்தான் ஓடி வந்து நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அடுத்தது, "வாங்க, வெயில்ல நிக்காதிய, உள்ள வந்து பாருங்க." அடுத்தது, "எவர்சில்வர் வேற, இது வேற. கையில தூக்கிப் பாத்துட்டுப் பேசுங்க." அப்புறம், "ஏங்க, மாத்திரை போட்டியளா?" அத்தான் முகத்தை மூடிக்கொண்டார். ஒவ்வொன்றும் ஒரு வாக்கியம்தான். பிற்பாடு தேவைப்படும்போது எடுத்துப் போட்டுக்கொள்ள, அவள் தினமும் பேசுகிற பேச்சையெல்லாம் துண்டு துண்டாகப் பேசி அடுக்கி வைத்திருந்தாள்.

கடைசி வீடியோ மட்டும் நீளம். அது எனக்கு.

"ஏட்டி, ஸ்கேன் எடுக்குத எடத்துல நேத்து ஒரு ஆளப் பாத்தேன். கழுத்துல துணி கட்டியிருந்தாரு. நர்ஸு வந்து, இவருக்கு வலிக்குதான்னு அவரு பொண்டாட்டிகிட்ட கேட்டா. அவளும் வலிக்குதுன்னு சொன்னா. அந்த ஆளு இல்ல இல்லன்னு தலைய ஆட்டுதாரு, ஒருத்தரும் பாக்கல. நாளைக்கு எனக்கும் இப்பிடித்தான் நடக்கும். நீ கோவக்காரி. எனக்காவ முந்திக்கிட்டு எல்லார்கிட்டயும் சண்டைக்குப் போவ. எனக்குப் பதிலா நீயே எல்லாத்துக்கும் பதில் சொல்லுவ. அதுவும் ஒண்ணுதான் ட்டி. அவங்களும் என்னக் கேக்கல, நீயும் என்னக் கேக்கல. பேசாம இரு. நான் பேசிக்கிடுதேன்."

எனக்குச் சுருக்கென்றது. முதலில் வந்தது கோபம்தான். யாருக்காக நான் இந்த ஊர் முழுக்கச் சண்டை போட்டுக்கொண்டு திரிந்தேன்? சொல்லலாம் என்று திரும்பினேன். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கேட்டபடி எல்லாவற்றையும் அவளுடைய போனில் ஏற்றிக்கொடுத்தேன். அவள் காதோடு வைத்து ஒவ்வொன்றாகத் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

சாயங்காலம் எதிர் வீட்டு அம்மாள் வந்தார். அக்கா சோபாவில் உட்கார்ந்திருந்தாள். அந்த அம்மாள் அவளைத் தாண்டி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்படி இருக்காங்க இப்ப? சாப்பாடு இறங்குதா?" என்று கேட்டார்.

வாயைத் திறந்துவிட்டேன். வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. மூடிக்கொண்டேன். அவ்வளவு கஷ்டமான காரியத்தை நான் சமீபத்தில் செய்ததில்லை.

சோபாவிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "என்னப் பாத்துக் கேளுங்க. எனக்குக் காது நல்லாக் கேக்கும்."

எதிர் வீட்டு அம்மாள் தூக்கிவாரிப்போட்டுத் திரும்பினார். அக்கா போனை மடியில் வைத்துவிட்டு, பக்கத்தில் இருந்த இடத்தைத் தட்டிக் காட்டினாள். அவர் போய் உட்கார்ந்தார். கொஞ்சம் திணறிவிட்டு, அவள் முகத்தைப் பார்த்து, "சாப்பிட்டீங்களா?" என்றார். அக்கா தலையை ஆட்டினாள். பலகையில் எழுதினாள். அந்த அம்மாள் அவள் எழுதி முடிக்கிற வரைக்கும் காத்திருந்து படித்துவிட்டு, தனக்குச் சர்க்கரை குறைவாக என்றார்.

காபி போட நான் எழுந்து போனேன்.